தலைமடைப் பெட்டியும் எலுமிச்சம்பழமும்

அம்சவல்லிக்கு என்ன வேலை என்று கேட்டால், அவளைப் பெற்ற தங்கம்மாளே ஆளுக்கொரு பதில் சொல்வாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "கம்ப்யூட்டர் ஆபீசு" என்பாள். நடவு வயலில் கேட்டால் "வாய்க்காப் பொட்டிக்குக் காவலு" என்பாள். வம்புக்கென்றே கேட்பவர்களிடம், "ஏழூரு தண்ணிக்கும் சாவி எம் மவ கழுத்துல தொங்குது, போவியா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்புவாள். மூன்றும் உண்மைதான். கடைசிப் பதில் காதில் விழுந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் காபி ஆறும் முன்பே எழுந்து போய்விட்டார்கள். கழுத்தில் தொங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்குக் கழுத்தை நீட்டி என்ன ஆகப் போகிறது என்று அம்சவல்லி அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புதான் அவளுக்கு வியாதி. வந்துவிட்டால் நிற்காது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் மேலக்கரையில் புறப்பட்டு, வலங்கைமான் பக்கம் கீழக்கரைச்சேரியில் போய் முடிகிற வாய்க்கால் அது. வழியில் ஏழு மடை. மேலக்கரை தலைமடை, கீழக்கரைச்சேரி கடைமடை. தலைமடைக்காரன் மாடு குளிப்பாட்டி மிஞ்சினது கடைமடைக்காரன் பயிருக்கு என்பதுதான் அந்த வாய்க்காலில் நெடுங்காலமாக நடந்த நியாயம். தலைமடையில் இருந்தவர்கள் பண்ணை வைத்திருந்தார்கள், கடைமடையில் இருந்தவர்கள் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தார்கள். கூலிக்காகக் கொடி பிடித்து, அடி வாங்கி, கோர்ட்டுப் படி ஏறி இறங்கி, ஆட்சி மாறி மாறிக் குத்தகைச் சட்டங்கள் வந்து, ஒருவழியாக அம்சவல்லியின் அப்பா சாமிதுரையின் பெயர் ஒன்றரை ஏக்கர் மடத்து நிலத்துக்குக் குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏறியது. நிலம் வந்துவிட்டது. தண்ணீர்தான் தலைமடையைத் தாண்டி வர மனசில்லாமல் நின்றது.

அதற்குத்தான் பெட்டி. ஏழூர் விவசாயிகள் சங்கம் சேர்ந்து, மடைக்கு ஒன்றாக ஏழு சாம்பல் நிறப் பெட்டிகள் வாங்கியது. தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பெட்டி அளந்து சொல்லும். மேலக்கரையில் சங்கத் தலைவர் துரைராசு வீட்டு முன்னறையில் இருக்கும் சர்வர், யார் முறையோ அந்த மடைப் பலகையைத் தூக்கச் சொல்லிப் பெட்டிக்குக் கட்டளை போடும். பெட்டிக்கார கம்பெனி நடத்திய பயிற்சிக்கு ஏழூரிலிருந்தும் ஆள் போனார்கள். ஆறு பேர் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லித் திரும்பினார்கள். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்த அம்சவல்லி மட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பினாள். வேறு ஆள் இல்லாத குறைக்குச் சங்கம் அவளை வைத்துக்கொண்டது. கடைமடைப் பெண் தலைமடை வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாமிதுரை அவளிடம் கேட்டார்.

"ஏம் பாப்பா, எவனாச்சும் நடுவுல பூந்து 'நாந்தான் தலைமடைப் பொட்டி'ன்னு பொய் சொன்னா, அந்தச் சர்வரு எப்படிக் கண்டுபுடிக்கும்?"

"ஒவ்வொரு பொட்டிக்கும் ரெண்டு சாவிப்பா. ஒண்ணு ரகசியச் சாவி. பொட்டிக்குள்ள ஒரு சில்லுல பொதைச்சு வெச்சிருக்கு. அத நானே கேட்டாலும் வெளிய தராது. இன்னொண்ணு பொதுச் சாவி, அது சர்வருகிட்ட இருக்கு. சர்வரு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு நம்பரு அனுப்பும், 'இதுக்குக் கையெழுத்துப் போடு பாப்பம்'னு. பொட்டி தன் ரகசியச் சாவியால போட்டு அனுப்பும். சர்வரு பொதுச் சாவிய வெச்சு ஒத்துப் பாக்கும். ஒத்துக்கிட்டா உள்ள விடும். நேத்துப் போட்ட கையெழுத்து இன்னைக்கிச் செல்லாது."

"போட்டுட்டு, 'நான் போடல'ன்னு சொன்னா?"

"முடியாது. அந்தக் கையெழுத்த வேற எவனாலயும் போட முடியாதே."

சாமிதுரை யோசித்தார். சின்ன வயசில் துரைராசுவின் அப்பாவுடைய களத்தில் கதிர் அடித்தவர் அவர். அடித்துத் தூற்றிய நெல்லை அம்பாரமாகக் குவித்ததும், பண்ணைக் காரியக்காரர் சாம்பலைத் தூவி, மரத்தில் செதுக்கின முத்திரையை நாலு பக்கமும் குத்திவிட்டுப் போவார். முத்திரை பண்ணை வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும். அதன் அச்சு எப்படி இருக்கும் என்பது களத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு பிடி நெல் எடுத்தாலும் அச்சு கலைந்துவிடும், திரும்பப் போட யாராலும் முடியாது. தானே அடித்த நெல்லைத் தொடக்கூடாது என்று விடிய விடியக் காவல் காத்தவர் சாமிதுரை.

"அப்ப களத்து முத்திரதான் இது," என்றார். "முத்திர ஒருத்தன்கிட்ட, அச்சு ஊருக்கே தெரியும்."

"அதேதாம்ப்பா. ஆனா இப்ப முத்திரை பண்ணை வீட்டுல இல்ல."

கழுத்துக் கறுப்புக் கயிற்றில் தாயத்தோடு தொங்கிய, பென் டிரைவ் மாதிரியான விரல் நீளக் குச்சியைத் தூக்கிக் காட்டினாள். புதிதாக ஒரு பெட்டியைச் சர்வரிடம் அறிமுகம் செய்துவைக்க வேண்டுமென்றால் அந்தக் குச்சியைச் செருகினால்தான் நடக்கும். அப்பாவும் மகளும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சோறு வடிக்கவேண்டிய தங்கம்மாள் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டு திட்டினாள்.

துரைராசுவுக்கு அந்தக் குச்சிமேல் ஒரு கண். கெட்டவர் இல்லை. ஆனால் கோவில் சாவி, பம்ப்செட் சாவி, டிராக்டர் சாவி எல்லாம் தன் வீட்டு ஆணியில் தொங்கிப் பார்த்தே வளர்ந்தவர். "பொம்பளப்புள்ள பஸ்சுல வர்ற போற, எங்கயாச்சும் விழுந்துட்டா? நம்ம இரும்புப் பொட்டியில வெச்சுட்டுப் போயேன்" என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். "விழுந்தா நானும் சேந்துதான் விழுவேன், தலைவரய்யா" என்று அவள் நழுவிவிடுவாள்.

இப்படியே போயிருக்கும். ஆயுத பூசை வந்து கெடுத்தது.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் சுருங்கிப்போய் ஆற்றில் முறை வைத்து விட்டார்கள். வாய்க்காலில் முதல் மூன்று நாள் மேல் மூன்று மடைக்கு, அடுத்த மூன்று நாள் கீழ் நாலு மடைக்கு என்று சங்கம் முடிவு செய்தது. விஜயதசமி மத்தியானம் மேல் மடைகளின் முறை தொடக்கம். கீழக்கரைச்சேரியில் சம்பா நாற்று வெயிலில் நுனி கருகிக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று நாள் முறை தவறினால் போட்ட விதை போனதுதான்.

துரைராசு வீட்டில் ஆயுத பூசை என்றால் களைக்கொத்தி முதல் கதிர் அறுக்கும் மெஷின் வரை அணிவகுத்து நிற்கும். பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். அம்சவல்லி தடுத்துப் பார்த்தாள்.

"ஐயா, அதெல்லாம் மடையிலேயே இருக்கட்டுமே. அங்கயே ஒரு பொட்டு வெச்சுடலாம்."

"மம்முட்டி வருது, மருந்தடிக்கிற மெஷினு வருது. இது மட்டும் என்ன புது மாப்பிள்ளையா, நாம தேடிப் போறதுக்கு?"

சரி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் அடிப்பக்கம் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, ஏழையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். துரைராசுவின் மனைவி மங்களாம்பிகை ஏழையும் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பச் சரத்தைச் சுற்றி, ஊதுபத்தி காட்டினாள். கல்யாண வீட்டுச் சீர்வரிசை தோற்றுப்போகும்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் ஏழரை மணிக்கு முடிகிறது. வலங்கைமான் பஸ் எட்டு மணிக்கு முன் வந்ததாகச் சரித்திரமே இல்லை. துரைராசு காத்திருக்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வீரையனைக் கூட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழம் வைத்திருந்த பெட்டியைக் கையிலெடுத்தார்.

"இதுக்குத்தான் பழம் வெச்சிருக்கா. இதுதான் நம்ம தலைமடைப் பொட்டி."

"ஐயா, அடியில பேரு எழுதிருக்கும். கவுத்துப் பாத்துக்கிடலாங்களா?" என்றார் வீரையன்.

"பூ வெச்ச பொட்டியக் கவுக்கறதா? புத்தி இருக்கா ஒனக்கு? பேசாம வா."

தலைமடையில் அதை அவரே தன் கையால் மாட்டினார். நாலு கொக்கி, ஒரு பிளக்கு, அவ்வளவுதான் வேலை. மீதி ஆறையும் வீரையன் கொண்டுபோனார். அவர் மட்டும் வழியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஐந்து சரியாக இருந்தன. கடைசியாகக் கையில் நின்ற பெட்டியின் அடியில் 'மேலக்கரை' என்று இருந்தது. வீரையன் அதையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். திரும்பிப் போய்ச் சொன்னால் என்ன வசவு விழும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். பிறகு கடைமடையில் அதை மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்த அம்சவல்லி, பதினொரு மணி வாக்கில் வீரையன் திரும்பியதும் திரையைப் பார்த்தாள். ஏழு பெட்டியும் கையெழுத்துப் போட்டு, ஏழும் பச்சை விளக்கு காட்டின.

"சரியா மாட்டிட்டீங்களாண்ணே?"

"ஐயாவே மாட்டுனாரு," என்று சொல்லிவிட்டு வீரையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவள் முன்னறையில் உட்கார்ந்து அரைமணி ஆகவில்லை, தங்கம்மாள் போன் போட்டாள்.

"வல்லி, தண்ணி வந்துருச்சுடி. நம்ம மடை தெறந்து கெடக்கு. வயலு ரொம்பி வரப்பு தெரியல. ஒங்கப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நண்டு புடிக்கிறாரு. அந்தப் பொட்டிக்கு நான் கோழி அடிக்கப் போறேன்."

அம்சவல்லிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அது மேல் மடைகளின் முறை என்பது உறைத்தது. திரையில் கடைமடை மூடியிருந்தது. தலைமடை திறந்திருந்தது. போனை வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். துரைராசு, பின்னால் மம்முட்டியும் கையுமாக மேலக்கரை ஆட்கள் இருபது பேர், மற்ற ஊர்ப் பிரதிநிதிகள், எல்லோருக்கும் பின்னால் வீரையன்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து எங்க மடைப் பலகை எந்திரிக்கல," என்றார் துரைராசு. "ஒங்க ஊருல ஆறா ஓடுதாம். எங்க முறையில. சாவிய நகல் எடுத்து ஒங்கப்பன்கிட்டக் குடுத்துட்டியா?"

"ரகசியச் சாவிய யாராலயும் நகல் எடுக்க முடியாதுங்கய்யா. கம்பெனிக்காரனாலயும் முடியாது."

"அப்ப பலகை பேய் புடிச்சா தூக்குச்சு?"

இருபது பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கடைமடைப் புத்தி என்று ஒருவன் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. முகம் சுட்டது. துரைராசு சங்கத் தீர்மான நோட்டை எடுத்து மேசையில் போட்டார். குச்சி இன்றே இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். எடுத்த தண்ணீருக்கு ஈடாக, கீழக்கரைச்சேரிக்கு இனி அந்தச் சம்பாப் பட்டத்தில் முறையே கிடையாது. இப்போது நாற்றுக்கு நனைந்தது சரி, நாளைக்குக் கதிர் வாங்கும்போது என்ன செய்வது? அம்சவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்தாள்.

"தப்பு பண்ணுனது நாந்தான்னு தெரிஞ்சா எழுதுங்க. தெரியாம எழுதாதீங்க," என்றாள்.

"சரி, பேரு போட வேணாம்," என்று தாராளம் காட்டினார் துரைராசு. "எந்தக் கை இந்தக் கோளாறப் பண்ணுச்சோ, அந்தக் கை இனிமே ஏழு பொட்டியில எதையும் தொடக்கூடாது. குச்சியையும் தொடக்கூடாது. எழுதுங்கப்பா. யாரா இருந்தாலும் சரி."

எழுதினார்கள். முதல் கையெழுத்தை அவரே போட்டார். வால் நீண்ட, கொம்பு சுழித்த கையெழுத்து. ஏழூர்ப் பிரதிநிதிகளும் போட்டார்கள். அம்சவல்லியும் போட்டாள்.

அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். கையெழுத்து ஏழும் அசல். எதுவும் போலி இல்லை. பெட்டிகள் பொய் சொல்லவில்லை, சர்வரும் சொல்லவில்லை. பிறகு யார்தான் சொன்னது?

மங்களாம்பிகை கூட்டத்துக்குக் காபி கொண்டுவந்தாள். துரைராசு காபியை ஆற்றிக்கொண்டே புலம்பினார்.

"எத்தனை பக்தியா மாட்டுனேன். எலுமிச்சம்பழம் வெச்சு மரியாத பண்ணுன பொட்டி. அதுக்கே இப்படி ஒரு சோதனை."

"மரியாதயா?" என்றாள் மங்களாம்பிகை. "அந்தப் பொட்டி நிக்காம ஆடிக்கிட்டே கெடந்துச்சு. ஒரு பக்கம் காலு இல்ல. முட்டுக் குடுக்க ஒண்ணும் கெடைக்கலைன்னு பழத்தச் சொருவுனேன்."

அம்சவல்லிக்குக் காபி புரையேறியது. ஏழு பெட்டியில் ரப்பர் கால் போன பெட்டி ஒன்றே ஒன்றுதான். ஆடி மாதத்தில் தன் வீட்டு எருமையே மோதிப் பெயர்த்த கால் அது. அவளுக்குள் சிரிப்பு கிளம்பியது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது.

"எல்லாரும் தலைமடைக்கு வாங்க," என்றாள். "சர்வரையே கேப்போம்."

முன்னறையிலிருந்து மடை கூப்பிடு தூரம்தான். கதம்பச் சரம் வாடிய பெட்டி அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அம்சவல்லி செல்போனில் சர்வரைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"ஒவ்வொரு பொட்டியிலயும் ஒரு சின்ன விளக்கு இருக்கு. சர்வரு ஒரு பொட்டியப் பேர் சொல்லிக் கூப்புட்டா, அந்தப் பொட்டி தன் ரகசியச் சாவியால கையெழுத்துப் போட்டுட்டு விளக்க மூணு தடவ சிமிட்டும். வேற பொட்டி சிமிட்ட முடியாது. இப்ப மேலக்கரையக் கூப்புடுறேன்."

கூப்பிட்டாள். பதில் வந்துவிட்டது என்றது சர்வர். எதிரே இருந்த பெட்டி கல்லுப் பிள்ளையாராக இருந்தது. அதே நேரம் அவள் போன் அடித்தது. தங்கம்மாள்.

"ஏ வல்லி, பொட்டி கண்ணடிக்குதுடி."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்ப கீழக்கரைச்சேரிய," என்றாள் அம்சவல்லி. விரலை வைத்தாள்.

துரைராசுவின் மூக்குக்கு நேராக, குங்குமத்துக்கு நடுவில், பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டியது. அவர் பின்னால் நகர்ந்தார். அவள் இன்னொரு முறை கேட்டாள். மறுபடியும் மூன்று முறை.

"சாவி யாருன்னுதான் சொல்லும் தலைவரய்யா. எந்த எடத்துல ஒக்காந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஒங்க மடையில எங்க ஊருப் பொட்டி ஒக்காந்திருக்கு. கீழ் மடைக்கு இன்னைக்கி முறை இல்லன்னு ஒழுங்கா மூடிக்கிட்டு இருக்கு. எங்க மடையில ஒங்க பொட்டி ஒக்காந்து, மேல் மடை முறைன்னு ஒழுங்காத் தெறந்து விட்டுச்சு. ரெண்டும் சொன்ன சொல்லக் காப்பாத்திருக்கு." வீரையன் பக்கம் திரும்பினாள். "யாரு கையால மாட்டுனதுண்ணே?"

வீரையன் வானத்தைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் இல்லை. "ஐயா கையாலதான்," என்றார். "கவுத்துப் பாப்பமான்னு கேட்டேன்."

மம்முட்டியை ஊன்றிக்கொண்டு இருபது பேரும் சிரித்தார்கள். கடைமடைப் புத்தி என்றவன்தான் அதிகமாகச் சிரித்தான். அம்சவல்லி மதகுக் கட்டையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நேரம் அடக்கியதையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. அது எதற்கு வந்தது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்தார். சந்தனம் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"ஐயா, அந்தத் தீர்மானம்..." என்று இழுத்தார் நோட்டை வைத்திருந்தவர். "பேரு போடாமதான் எழுதிருக்கு. கிழிச்சுடலாமா?"

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல," என்றார் துரைராசு. "போட்டது போட்டதுதான்."

அன்றைக்கே பெட்டிகள் இடம் மாறின. தலைமடை இழந்த முறையைக் கீழக்கரைச்சேரி தன் முறையிலிருந்து விட்டுக்கொடுத்தது. வாங்கினதைக் கொடுத்துவிட்டோம், இனி எவனும் வாய் திறக்கக்கூடாது என்று தங்கம்மாள் வரப்பில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள். சம்பா தேறியது. எலுமிச்சம்பழத்தை அம்சவல்லி ஊறுகாய் போட்டுவிட்டாள்.

அடுத்த ஆயுத பூசைக்கும் ஏழு பெட்டிகளும் துரைராசு வீட்டுக்கு வந்தன. அழைக்க அவரே போன் செய்தார். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. அம்சவல்லி வந்தாள், கூடவே சாமிதுரையும் வந்தார். தலைமடைப் பெட்டியை எடுத்து மாட்ட ஒரு மூத்த கை வேண்டும் என்று சங்கத்தில் பேசி, ஏழூரும் அவர் பெயரைத்தான் சொல்லியிருந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே வீட்டு வாசலில், ஐம்பது வருஷத்துக்கு முன் நெல் அம்பாரம் முத்திரையோடு நின்ற இடத்தில் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கினார். கொஞ்சமும் யோசிக்காமல் தலைகீழாகக் கவிழ்த்தார். பூவெல்லாம் தரையில் கொட்டியது. பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மே-ல-க்-க-ரை. சரியாத்தான் இருக்கு."

மடையில் பெட்டி ஏறியது. ஒரு கொக்கி சரியாக விழாமல் தொங்கியது. பக்கத்தில் நின்ற துரைராசு பழக்கத்தில் சட்டென்று கையை நீட்டினார்.

"ஐயா," என்றார் வீரையன். இந்தத் தடவை அவர் வானத்தைப் பார்க்கவில்லை. "தொடக்கூடாதுங்க."

துரைராசு கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சாமிதுரை கொக்கியை அழுத்தி மாட்டினார்.